ஐடி கார்டு: அட்டை, எண், பட்டியல் – நீலகிரியில் புதிதாகத் தொடங்குவோருக்கு

ஐடி கார்டு போட வேண்டும் என்று முடிவானதும், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சின்ன நிறுவனங்கள் முதலில் விசாரிப்பது பிரிண்டர் விலையைத்தான். பள்ளி, தேயிலைத் தொழிற்சாலை, ரிசார்ட், மருத்துவமனை எதுவானாலும் இதே கதை. பிரிண்டர் வந்து இறங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவரும்: பெயர்ப் பட்டியலில் பாதிப் பேருக்கு இனிஷியல் இல்லை, போட்டோ இல்லை, வாசலில் மாட்டியிருக்கும் ரீடர் வாங்கி வைத்த கார்டைப் படிக்கவே படிக்காது.

ஓர் ஐடி கார்டில் மூன்று சங்கதிகள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, கண்ணுக்குத் தெரியும் அச்சு: போட்டோ, பெயர், பதவி, நிறுவன லோகோ. வாசல் காவலாளி பார்ப்பது இதை. இரண்டாவது, கருவி படிக்கும் எண்: பார்கோடாகவோ க்யூஆர் கோடாகவோ உள்ளே புதைந்த சிப்பாகவோ இருக்கலாம். மூன்றாவது, அந்த எண் யாருடையது என்று சொல்லும் பட்டியல். அது கார்டில் இல்லை, அலுவலகக் கணினியில் இருக்கிறது. டி.என். 43 என்று தொடங்கும் நம்பர் பிளேட் மாதிரிதான். பிளேட்டில் உரிமையாளர் பெயர் கிடையாது, ஊட்டி ஆர்.டி.ஓ. பதிவேட்டில்தான் இருக்கிறது. கார்டு தொலைந்தால் என்ன ஆகும், ஆள் வேலையை விட்டால் என்ன செய்வது, வருகைப் பதிவு ஏன் தப்பாக வருகிறது போன்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த மூன்றில் எது பழுது என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

அளவும் பொருளும்

ஏ.டி.எம். கார்டு, பான் கார்டு, ஐடி கார்டு எல்லாம் ஒரே அளவு: 85.60 மி.மீ. நீளம், 53.98 மி.மீ. அகலம், 0.76 மி.மீ. தடிமன். ஐ.எஸ்.ஓ. 7810 தரத்தில் இதற்கு ஐடி-1 என்று பெயர், கடையில் சி.ஆர்.80 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெட்டியில் தடிமனை ‘30 மில்’ என்று போட்டிருக்கும். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லிமீட்டர் என்று நினைத்துத் திகைக்க வேண்டாம்.

சாதாரணமாகக் கிடைப்பது முழு பி.வி.சி. கார்டு. அச்சிட்ட பிறகு மேலே சூட்டில் லேமினேஷன் ஒட்டுவதாக இருந்தால் முழு பி.வி.சி. வளைந்துவிடும், அதற்கு 60 பங்கு பி.வி.சி., 40 பங்கு பாலியெஸ்டர் கலந்த காம்போசிட் கார்டு வாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டாலும் கார்டு அப்பளம் போல வளையும்.

அச்சிடும் வழிகள்

மிக மலிவான வழி, காகிதத்தில் அச்சிட்டு பவுச் லேமினேஷன் செய்வது. மழை ஊரில் இதற்கு எமன், கயிறு மாட்டப் போடும் ஓட்டைதான். காகிதத்தையும் சேர்த்துப் பஞ்ச் செய்தால் அந்த ஓட்டையின் ஓரமாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஒரே மழையில் போட்டோவில் கறை படியும். காகிதத்தை மேல்பக்கம் 8 மி.மீ. குறைத்து வெட்டி, பஞ்ச் வெறும் பிளாஸ்டிக்கில் மட்டும் விழும்படி செய்ய வேண்டும். மற்ற மூன்று ஓரங்களிலும் 2 முதல் 3 மி.மீ. வெறும் பிளாஸ்டிக் ஒட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கும் இங்க்ஜெட் முறை. எப்சன் எல்8050 போன்ற இங்க் டேங்க் பிரிண்டரில் ட்ரே வைத்து, இங்க்கை உறிஞ்சும் பூச்சு உள்ள பி.வி.சி. கார்டில் அடிப்பார்கள். படம் நன்றாகவே வரும். ஆனால் மேலே காப்பு இல்லாவிட்டால் ஈரக் கை பட்டதும் இங்க் இழுபடும். இந்தப் பூச்சுள்ள கார்டை ரிப்பன் பிரிண்டரில் போடக்கூடாது. அங்கே போடும் வெறும் பி.வி.சி. கார்டை இங்கே போட்டால் இங்க் ஒட்டாமல் வழியும். இரண்டும் வெள்ளை வெளேரென்று ஒரே மாதிரி இருப்பதால், பெட்டியிலிருந்து எடுத்துக் கலந்து வைத்துவிட்டால் வம்புதான்.

நிறுவனங்கள் சொந்தமாக வாங்குவது பெரும்பாலும் மூன்றாவது வகை: ரிப்பன் வைத்த கார்டு பிரிண்டர். ஜீப்ரா, ஈவோலிஸ், ஃபார்கோ, மேஜிகார்டு என்று எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றே. ரிப்பனில் மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று வண்ணப் பட்டைகள். பிறகு கறுப்பு ரெசின். கடைசியில் ஓவர்லே என்னும் நிறமில்லாத காப்புப் படலம். இதைத்தான் ஒய்.எம்.சி.கே.ஓ. ரிப்பன் என்கிறார்கள். கார்டு ஒவ்வொரு பட்டைக்கும் ஒருமுறை முன்னும் பின்னுமாகப் போய்வரும். பிரிண்ட் ஹெட்டில் அங்குலத்துக்கு 300 நுண் சூடேற்றிகள் வரிசையாக இருக்கின்றன. சூடு பட்ட இடத்தில் சாயம் ஆவியாகி பி.வி.சி.யின் மேற்பரப்புக்குள் ஊறுகிறது. சூடு கூடினால் நிறம் அடர்த்தி, குறைந்தால் வெளிறல். அதனால்தான் போட்டோவில் முகத்தின் நிழல்கள் புள்ளி புள்ளியாக இல்லாமல் வழவழப்பாக வருகின்றன.

கறுப்பு ரெசின் அப்படி ஊறாது. உருகி மேலேயே படியும். இது ஏன் முக்கியம் என்றால், பெயரும் பார்கோடும் இந்தக் கறுப்பில்தான் வர வேண்டும். மஞ்சள், மெஜந்தா, சயான் மூன்றையும் கலந்தாலும் கண்ணுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் எழுத்தின் ஓரம் மங்கலாக இருக்கும். அகச்சிவப்பு ஒளியில் படிக்கும் ஸ்கேனருக்கு அந்தச் சாயக் கறுப்பு கண்ணாடி போல, கோடுகளே தெரியாது. ‘போனில் ஸ்கேன் ஆகிறது, கேட்டில் ஆகவில்லை’ என்ற புகாருக்கு அடிக்கடி இதுதான் காரணம். டிசைனை முழுக்க ஒரே ஜே.பி.ஜி. படமாகச் சேமித்து அச்சிட்டால், எது எழுத்து, எது படம் என்று டிரைவருக்கு (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளுக்கு) தெரியாது. எல்லாக் கறுப்பையும் சாயத்திலேயே கலந்துவிடும். பெயரும் பார்கோடும் டிசைன் மென்பொருளில் எழுத்தாகவே இருக்க வேண்டும். டிரைவரில் கறுப்பு எழுத்துக்கு கே பேனல், அதாவது கறுப்பு ரெசின் பட்டை, என்று தேர்வு செய்திருக்க வேண்டும்.

நான்காவது, ரீட்ரான்ஸ்ஃபர். முதலில் ஒரு மெல்லிய ஃபிலிமில் அச்சிட்டு, அந்த ஃபிலிமைக் கார்டின் மேல் சூட்டில் ஒட்டும். ஓரம் வரை நிறம் வரும்; சிப் இருக்கும் மேடு பள்ளத்திலும் வெள்ளைத் திட்டு விழாது. விலையும் அதற்கேற்ற மாதிரி. ஐநூறு பேர் உள்ள பள்ளிக்கு இது தேவையில்லை.

டிசைன்

அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் கார்டு முழுவதும் 1011க்கு 638 பிக்சல். எழுத்தும் லோகோவும் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கட்டும். போட்டோவை 22க்கு 28 மி.மீ. வைத்தால் 260க்கு 331 பிக்சல் போதும். அதற்குப் பத்து எம்.பி. படம் வேண்டியதில்லை. வெளிச்சம் மட்டும் நன்றாக இருக்க வேண்டும். மூடுபனி நாளில் வெளியில் நிறுத்தி எடுத்தால் முகம் நீலம் பூத்துத் தெரியும். ஜன்னல் ஓரத்தில், வெளிர் நிறச் சுவர் முன்னால், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வைத்து, எல்லோரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுத்துவிடுவது உத்தமம். ஸ்வெட்டர், மப்ளர், குல்லா எல்லாம் கழற்றச் சொல்ல மறக்க வேண்டாம். பனிக்குல்லாவோடு எடுத்த போட்டோவை வைத்து வாசலில் யாரையும் அடையாளம் காண முடியாது.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலம் 6 பாயின்ட்டில் படிக்க முடியும். தமிழில் ஞ, ணை, ஜூ போன்றவை அந்த அளவில் சுழி அடைத்துப்போகும். முகவரிக்கு 8, பெயருக்கு 12 பாயின்ட்டுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. அடர்நிறப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்து இன்னும் மோசம்.

பட்டியல்தான் பாதி வேலை

எக்செல் பட்டியலைக் கார்டு மென்பொருளோடு இணைத்து, ஒவ்வொரு வரியையும் ஒரு கார்டாக அச்சிடுவதுதான் நடைமுறை. கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

பழைய அலுவலகங்களில் பெயர்கள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் ‘ட, ம, க’ எல்லாம் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். கன்வெர்ட்டரில் போட்டு மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படிக்க வேண்டும். யூனிகோடிலேயே இருந்தாலும் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கும்போது ‘சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகளாக வரும். சில பழைய கார்டு மென்பொருள்களுக்குத் தமிழ் கொம்பு போடத் தெரியாது; ‘கொ’ என்பதை மூன்று துண்டாகப் பிரித்துக் காட்டும். வாங்குவதற்கு முன் ‘கௌசல்யா, ஸ்ரீதர், கொடிமலர், ஜெயலெட்சுமி’ என்று நாலு பெயர் அடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, முன்னால் வரும் பூஜ்யம். செக் ரோல் எண் (எஸ்டேட் பணியாளர் பதிவேட்டு எண்) 00412 என்றால் எக்செல் அதை 412 ஆக்கிவிடும். அந்த நெடுவரிசையை எண்களை இடுவதற்கு முன்பே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்ற வேண்டும். இட்ட பிறகு மாற்றினால் தொலைந்த பூஜ்யம் திரும்பாது. ஒரே எஸ்டேட்டில் நாலு லட்சுமி, மூன்று மணி இருப்பது சாதாரணம். அதனால் போட்டோ கோப்புக்குப் பெயரை வைக்காமல் பணியாளர் எண்ணை வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு லட்சுமியின் முகம் இன்னொரு லட்சுமியின் கார்டில் ஏறும்.

முழுப் பட்டியலையும் ஓடவிடுவதற்கு முன், மிக நீளமான பெயர், மிகக் குறுகிய பெயர், இருண்ட போட்டோ, வெளிறிய போட்டோ, இரண்டு வரி பதவி என்று ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டுப் பார்க்கவும். பட்டியலின் முதல் ஐந்து பேர் வேண்டாம். கோளாறு ஒளிந்திருப்பது ஓரங்களில்.

உள்ளே இருக்கும் எண்

சிப் கார்டில் இரண்டு வகை பரவலாக இருக்கின்றன: 125 கிலோஹெர்ட்ஸ், 13.56 மெகாஹெர்ட்ஸ். வெளித்தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. ஒன்றின் ரீடர் மற்றொன்றைப் படிக்காது. என்.எஃப்.சி. உள்ள போனின் பின்புறம் கார்டை வைத்துப் பாருங்கள். போன் ஏதாவது சலனம் காட்டினால் 13.56, கல்லாட்டம் இருந்தால் பெரும்பாலும் 125. கார்டு வாங்குவதற்கு முன் ரீடரின் மாடலைக் குறித்துக்கொண்டு போக வேண்டும்.

125 வகைக் கார்டின் மேல் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். உதாரணமாக 0012345678 என்றும், பக்கத்தில் 188,24910 என்றும். இவை இரண்டும் ஒரே எண்தான். 188ஐ 65536ஆல் பெருக்கி 24910ஐக் கூட்டினால் 12345678 வரும். சில ரீடர்கள் முழு எண்ணைக் கணினிக்கு அனுப்பும். வீகண்ட் என்னும் 26 பிட் எண் அனுப்பும் முறையில் பேசுபவை 8 பிட் தளக் குறியீடு, 16 பிட் கார்டு எண் என்று பிரித்து அனுப்பும். பட்டியலில் ஒரு முறையில் ஏற்றிவிட்டு, ரீடர் இன்னொரு முறையில் அனுப்பினால் ‘கார்டு பதிவாகவில்லை’ என்றுதான் திரையில் வரும். கார்டு கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கிக் குவிப்பதற்கு முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கலாம். கையால் எண்ணைத் தட்டுவதைவிட, யு.எஸ்.பி. ரீடரில் ஒவ்வொரு கார்டாக வைத்து எண்ணை நேராகப் பட்டியலில் ஏற்றுவது பிழை இல்லாதது.

பாதுகாப்பு என்று பார்த்தால் 125 கார்டு திறந்த வீடு. எண்ணை மறைக்கவே மறைக்காது. மலிவான கருவியால் நகலெடுத்துவிடலாம். 13.56 வகையில் மைஃபேர் கிளாசிக் என்னும் சிப்பின் பூட்டை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். வருகைப் பதிவுக்கும் கேன்டீனுக்கும் அது போதும். பணப்பெட்டி அறைக்கோ மருந்து ஸ்டோருக்கோ டெஸ்ஃபயர் போன்ற, ஏ.இ.எஸ். என்னும் வலுவான குறியாக்கம் உள்ள கார்டுதான் வைக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டங்களில் கார்டுக்கு மவுசு குறையாததற்குக் காரணம் உண்டு. வருடக்கணக்கில் இலை கிள்ளிய விரல்களில் ரேகை தேய்ந்து, சாறு படிந்து, கைரேகைக் கருவி பலமுறை படிக்க மறுக்கும். இலை எடை போடும் இடத்தில் வரிசை நீளும்போது கார்டு ஒரு நொடியில் முடித்துவிடும். ஆனால் கார்டு வைத்தது யார் என்று ரீடருக்குத் தெரியாது. ஒருவர் நாலு பேர் கார்டைக் கொண்டுவந்து வைக்கலாம். வைத்ததும் திரையில் போட்டோ வரும்படி அமைத்து, மேஸ்திரி ஒரு பார்வை பார்த்தாலே போதும்.

தகர ஷீட் சுவரில் ரீடரை நேராக அறைந்தால் படிக்கும் தூரம் சுருங்கும். இடையில் ஓரிரு அங்குல மரக்கட்டை கொடுத்து மாட்ட வேண்டும்.

குளிரும் ஓதமும்

கார்டு பிரிண்டர்கள் பொதுவாக 15 டிகிரிக்கு மேல், நீர் படியாத அறையில் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி விழும் ஊர். இரவு முழுக்கப் பூட்டிக் கிடந்த அலுவலகத்தில் காலையில் வந்து ஹீட்டரைப் போட்டு, டீக்குக் கெட்டிலையும் வைத்தால், அறைக் காற்று சூடாகி ஈரமாகும். பிரிண்டர் உள்ளே இருக்கும் இரும்பு இன்னும் சில்லென்றிருக்கும். அதன் மேல் நீர் முத்து கட்டும். அந்த நேரத்தில் அச்சிட்டால் ரிப்பன் சுருங்கும், உருளை வழுக்கும், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் விலகும். அறை சூடான பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் பொறுத்துத் தொடங்க வேண்டும். கார்டும் ரிப்பனும் முந்தின நாளே அதே அறையில் இருக்கட்டும். குளிர்ந்த கார்டில் நிறம் வெளிறித்தான் வரும்.

கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் குன்னூரில் ஐப்பசி மழையும் பெய்யும் மாதங்களில் ஓதம்தான் பகை. திறந்த ரிப்பனைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைக்கவும். இங்க்ஜெட்டில் அடித்தவர்கள் அன்றே லேமினேஷன் போட்டால் உள்ளே ஈரம் சிக்கி வெண்மை பூக்கும். ஓர் இரவு காயவிட வேண்டும்.

மழை விட்டு வெயில் காயும் ஜனவரி வேறு மாதிரி. காற்று வறண்டு கார்டுகளில் நிலைமின் ஏறும், தூசியை இழுக்கும். இதற்கு மேல் தொழிற்சாலையாக இருந்தால் டீத்தூசியும் பஞ்சும். பிரிண்டரை டிரையர், சலிப்பு அறைப் பக்கமே வைக்கக்கூடாது. எல்லாக் கார்டிலும் ஒரே இடத்தில் நீளவாக்கில் வெள்ளைக் கோடு விழுந்தால் ஹெட்டில் அழுக்கு, அல்லது ஹெட்டில் ஒரு புள்ளி செத்துவிட்டது. இடம் மாறி மாறி வெள்ளைப் புள்ளி விழுந்தால் கார்டில் தூசி. ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த ஸ்வாபால் ஒரே திசையில் துடைத்து, ஐந்து நிமிடம் உலரவிட்டுப் பார்க்கவும். விரலால் தொடவே கூடாது. கிளீனிங் கார்டை ஒவ்வொரு ரிப்பன் மாற்றும்போதும் விட வேண்டும். ஹெட் மாற்றுவது பிரிண்டர் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும் செலவு.

அச்சு ஓடும்போது கரண்ட் போனால் அந்தக் கார்டும் ஒரு செட் பட்டையும் வீண். யு.பி.எஸ்.ஸில் கணினியை மட்டும் செருகிவிட்டு பிரிண்டரை மறப்பவர்கள்தான் அதிகம்.

ஓட்டை, கயிறு, உறை

கயிறு ஓட்டையை அச்சிட்ட பிறகுதான் போட வேண்டும். முன்பே ஓட்டை போட்ட கார்டை உள்ளே விட்டால் அதன் கூரான ஓரம் ஹெட்டைக் கீறும். சிப் கார்டில் ஓட்டையே வேண்டாம். உள்ளே ஓடும் செம்புக் கம்பிச் சுருள் அறுந்தால் கார்டு ஊமை. கட்டாயம் போட வேண்டுமென்றால் இருட்டில் கார்டின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சுருள் எங்கே ஓடுகிறது என்று நிழலாகத் தெரியும்.

உறையில் மெத்தென்ற வினைல் பை வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் கார்டின் சாயத்தை இழுத்துவிடும்; சில மாதத்தில் முகம் பையில் ஒட்டிக்கொண்டு வரும். கெட்டியான பாலிகார்பனேட் ஹோல்டர் நல்லது. நாள் முழுக்க மலைவெயிலில் நிற்பவர்களின் கார்டுக்கு வெறும் ஓவர்லே போதாது. அதைவிடத் தடித்த காப்பான லேமினேஷன் பேட்ச் வேண்டும்.

தொழிற்சாலைக்குள் கழுத்துக் கயிறு ஆபத்து. தேயிலையை நசுக்கி அரைக்கும் சி.டி.சி. உருளைக்கு மேல் குனிபவரின் கயிறு சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். இயந்திரப் பக்கம் வேலை செய்பவர்களுக்குச் சட்டைப்பை கிளிப் கொடுக்க வேண்டும்; மற்றவர்களுக்கும் இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கயிறாக இருக்கட்டும்.

சொந்த பிரிண்டரா, வெளியிலா?

ஒரு ஒய்.எம்.சி.கே.ஓ. ரிப்பனில் பொதுவாக 200 முதல் 300 கார்டு வரும். ஒரு கார்டில் லோகோ மட்டும் கலரில் இருந்தாலும் ஒரு முழு செட் பட்டை போய்விடும்; கலரைக் குறைத்து மிச்சம் பிடிக்க முடியாது. ரிப்பன் விலையை அதன் கார்டு எண்ணிக்கையால் வகுத்து, வெற்றுக் கார்டு விலையைக் கூட்டி, கழிவுக்கு இருபதுக்கு ஒன்று என்று சேர்த்தால் உண்மைச் செலவு கிடைக்கும். வருடத்துக்கு நூறு, நூற்றைம்பது கார்டுதான் என்றால் கோவையில் கொடுத்து அடிப்பதே மேல். பிரிண்டர் சும்மா கிடந்து ஓதம் பிடிக்கும். மாதாமாதம் ஆள் மாறும் ரிசார்ட் போன்ற இடங்களுக்கு சொந்த பிரிண்டர் கட்டுப்படியாகும். விருந்தினர், ஒப்பந்த வேலையாட்களுக்கு பி.வி.சி. வீண்செலவு, தெர்மல் பிரிண்டரில் அடித்த ஒட்டுத்தாள், அன்றைய தேதி பெரிதாகப் போட்டால் போதும்.

வெளியில் கொடுப்பதாக இருந்தால் என்ன தகவல் போகிறது என்று பாருங்கள். ஆதார் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி எதுவும் கார்டில் வர வேண்டியதில்லை. பட்டியலிலிருந்து அவற்றை நீக்கிவிட்டு அனுப்பலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. அடுத்தவர் விவரத்தை வைத்திருப்பவர் அதற்குப் பொறுப்பாளி. இரத்த வகையும் அவசர போன் எண்ணும் பின்பக்கம் இருந்தால் போதும்.

தீர்ந்த ரிப்பனை அப்படியே குப்பையில் போடுவது பலர் செய்யும் தவறு. கறுப்புப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் அச்சான ஒவ்வொரு பெயரும் எண்ணும் வெட்டவெளிச்சமாகப் படிக்கலாம். வண்ணப் பட்டைகளில் முகம் நெகட்டிவாக இருக்கும். சுருளை உருவி, துண்டு துண்டாக வெட்டிய பிறகே வெளியே போக வேண்டும். பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமையான மாவட்டம் என்பதால் தனியாகச் சேர்த்து, உள்ளாட்சி பிளாஸ்டிக் சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.

கார்டு தொலைந்தது என்று ஒருவர் வந்தால் முதல் வேலை புதுக் கார்டு அடிப்பது இல்லை. பட்டியலில் பழைய சிப் எண்ணை முடக்கிவிட்டு, பிறகு புதுக் கார்டின் எண்ணை அதே பணியாளர் எண்ணோடு சேர்க்க வேண்டும். கார்டின் மூலையில் வழங்கிய வரிசையை 01, 02 என்று சின்னதாக அச்சிட்டால், 02 வாங்கிய பிறகும் 01ஐக் காட்டிக்கொண்டு வருபவரை ரீடர் இல்லாத வாசலில்கூடக் காவலாளி நிறுத்திவிடலாம்.